உலோகமும் உயிர்ப்பும்: இலத்திரனியற் சிகரெட்டைத் தேர்தல் பற்றிய சில குறிப்புகள்

1

நுகர்பொருள் எதனைப் பற்றிப் பேசும்போதும் ‘தேர்வு’ என்னும் சொல் இன்று தவறாது இடம்பெறுகின்றது. வாங்குவோன் தேர்கின்றான், தேர்வதனால் அவன் சுதந்திரன், சுதந்திரன் ஆதலின் விளைவுகளுக்கும் அவனே பொறுப்பாளி என்பது சந்தை தரும் தருக்கம். இத்தருக்கத்தின் உண்மையைச் சோதிப்பதற்கு, வேப் எனப் பொதுவழக்கிற் சுட்டப்படும் இலத்திரனியற் சிகரெட்டிலும் பார்க்கப் பொருத்தமான பண்டம் கிடைப்பது அரிது. சுவை, நிறம், வடிவம், மின்கலத்தின் கொள்ளளவு, எத்தனை முறை உறிஞ்சலாம் என்ற எண்ணிக்கை ஆகிய யாவும் வாங்குவோன்முன் விரித்துவைக்கப்படுகின்றன. ஆனால் அவன் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் இழுக்கும் ஆவிப்புகை எவ்வெவ் உலோகங்களைத் தொட்டு வருகின்றது என்பது பெரும்பாலும் அவனுக்குச் சொல்லப்படுவதில்லை.

இலக்கிய மாணவன் ஒருவன் உலோகம் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும் பண்டங்கள் தம்மைப் பற்றிப் பேசும் மொழியையும், அம்மொழி மறைக்கும் உற்பத்தி உறவுகளையும் ஆராய்வது விமர்சகனின் பணிக்குப் புறம்பானதன்று. இரசாயனவியலாளரும் மருத்துவரும் கண்டறிந்தவற்றை எளிமையாகத் தொகுத்துரைப்பதும், அவற்றினடியாக எழும் சமூக வினாவை முன்வைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு செய்திகளைத் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் தகும். புகைக்காத ஒருவர் இக்கருவியைக் கையிலெடுப்பதற்கு நியாயம் எதுவுமில்லை. அதேவேளை, எரியும் புகையிலையை விட்டொழிக்க முடியாது தவிக்கும் ஒருவருக்கு இது சிகரெட்டிலும் குறைந்த தீமையாக அமையலாம் என்பதையும், புகைத்தலைக் கைவிடப் பலருக்கு உதவியுள்ளது என்பதையும் மருத்துவ ஆய்வுகள் ஏற்றுக்கொள்கின்றன. இவ்விரண்டாமவரின் பொருட்டே உலோகம் பற்றிய வினா முக்கியத்துவம் பெறுகின்றது. தீமையைக் குறைக்கவென வந்த கருவியிலே தேவையற்ற புதுத்தீமை ஒன்று ஏன் சேர்தல் வேண்டும் என்பதே அவ்வினா.

2

கருவியின் அமைப்பு எளிமையானது. மின்கலம், கம்பிச் சுருள், திரி, திரவத் தாங்கி, வாய்முனை என்னும் ஐந்துமே அதன் அடிப்படை உறுப்புகள். குப்பிவிளக்கின் திரி மண்ணெண்ணெயை மேலிழுப்பதுபோலப் பஞ்சுத்திரி திரவத்தை உறிஞ்சிச் சுருளிடம் சேர்க்கின்றது. விளக்கிலே எண்ணெய் எரிகின்றது. இங்கோ திரவம் எரிவதில்லை. புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரீன் ஆகிய இரண்டிலும் நிக்கொற்றினும் சுவையூட்டிகளும் கலந்த அத்திரவம் சூடேறி ஆவியாகி, உடனே குளிர்ந்து நுண்துளிகளாகின்றது. நாம் ‘ஆவி’ என வழங்குவது உண்மையில் இந்நுண்துளித் திரளையே. துளிகளாதலின் அவை தம்முடன் பிற நுண்துகள்களையும் சுமந்துசெல்ல வல்லன. திரி நனைந்திருக்கும்வரை சுருளின் வெப்பநிலை பொதுவாக 300 பாகை செல்சியசை அண்டியோ அதற்குக் கீழாகவோ நிற்கும். திரி உலர்ந்தவுடன் அது மிக வேகமாக உயரும்.

புகையில்லாச் சிகரெட் என்னும் எண்ணம் புதியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் ஹேர்பேட் கில்பேட் என்பவர் 1963 இல் அதற்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்து 1965 இல் அதனைப் பெற்றார். அக்கருவி சந்தையை எட்டவில்லை. இன்றைய கருவியின் தந்தை எனக் கொள்ளப்படுபவர் சீனாவின் மருந்தாளரான ஹொன் லிக். தாமே கடும் புகைஞராயிருந்த அவர் 2003 இல் அமைத்த கருவி திரவத்தைச் சூடாக்குதற்குப் பதிலாக மீயொலி அதிர்வினால் துளிகளாக்கியது. பின்னர் சந்தையை நிறைத்தவையோ சூடேறும் கம்பியைப் பயன்படுத்தியவையே. கொதிக்கும் உலோகக் கம்பி இக்கருவியின் தவிர்க்கவியலாத விதியன்று என்பதும், அது பல வழிகளுள் ஒன்றாகவே வந்து நிலைபெற்றது என்பதும் இதனாற் பெறப்படும். இன்று உலகின் இலத்திரனியற் சிகரெட்டுகளுள் மிகப்பெரும்பாலானவை தென்சீனாவின் சென்சென் நகரத் தொழிற்சாலைகளில் உற்பத்தியாகின்றன.

3

சுருளுக்கெனப் பயன்படும் உலோகங்கள் நான்கைந்துக்கு மேற்படா. அவற்றின் இயல்பை அறிந்துகொள்ளல் கடினமன்று.

முதலாவது கன்தால். சுவீடனில் 1931 இல் நிறுவப்பட்ட ஒரு கம்பனியின் வணிகப்பெயரே இக்கலப்புலோகத்துக்குப் பொதுப்பெயராகிவிட்டது. நூற்றுக்கு 20 முதல் 22 வரை குரோமியமும் 5 அளவில் அலுமினியமும் இருக்க, எஞ்சியது இரும்பு. இதில் நிக்கல் சேர்க்கப்படுவதில்லை. உயர்ந்த வெப்பநிலையில் இதன் மேற்பரப்பில் அலுமினியம் ஒட்சைட்டுப் படலம் ஒன்று உருவாகி உள்ளுலோகத்தைக் காக்கும் என்பது உண்மையே. ஆனால் அப்படலம் செவ்வனே உருவாவது உலைகளின் வெப்பநிலையிலே. ஈரத்திரியின் நடுவே அதனிலும் மிகக்குறைந்த சூட்டில் இயங்கும் சுருளுக்கு உலைக்கம்பியின் உறுதியை அப்படியே ஏற்றிக்கூறுதல் பொருந்தாது.

இரண்டாவது நிக்குரோம். இதன் வழக்கமான வகையில் நூற்றுக்கு 80 நிக்கல், 20 குரோமியம். அமெரிக்கரான அல்பேட் மார்ஷ் 1906 இல் ஆக்கவுரிமை பெற்ற இக்கலப்புலோகமே பாண் வாட்டும் கருவி முதலாய வீட்டு மின்சூடாக்கிகளைச் சாத்தியமாக்கிற்று. விரைவிற் சூடேறும் என்பது வேப் விற்பனையில் இதற்குக் கூறப்படும் சிறப்பு.

மூன்றாவது கறையில் உருக்கு. 316எல் எனப்படும் வகையே பெரிதும் பயன்படுகின்றது. அதில் நூற்றுக்கு 16 முதல் 18 வரை குரோமியமும் 10 முதல் 14 வரை நிக்கலும் 2 முதல் 3 வரை மொலிப்தனமும் உண்டு. ‘எல்’ என்ற எழுத்து காபன் குறைவு என்பதைக் குறிக்கும். உணவுத் தொழிற்சாலைகளிலும் சத்திரசிகிச்சையிலும் பயன்படும் உலோகம் என்று இது விளம்பரப்படுத்தப்படுகின்றது. விளம்பரம் பொய்யன்று, ஆனால் முழுமையுமன்று. எலும்போடு பொருத்தப்பட்டு அசையாது நிற்கும் தகடு வேறு, மீண்டும் மீண்டும் சூடேறிக் குளிரும் மெல்லிய கம்பி வேறு.

நான்காவதும் ஐந்தாவதும் தூய நிக்கலும் தைத்தேனியமும். சூடேற இவற்றின் மின்தடை ஒழுங்காக அதிகரிப்பதனால், தடையை அளந்து வெப்பநிலையைக் கணித்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் இவை பயன்படுகின்றன. கறையில் உருக்கும் இவ்வகையில் உதவும். கன்தாலின் தடை சூட்டினால் ஏறத்தாழ மாறாதாகையால் அது இதற்கு உதவாது. வெப்பக்கட்டுப்பாடு இல்லாத கருவியில் தூய நிக்கலையோ தைத்தேனியத்தையோ பொருத்துவது ஆபத்தானது. தைத்தேனியம் அளவுமீறிச் சூடேறின் அதன் மேற்பரப்பு வெண்ணிறத் தூளாய் உதிரும் ஒட்சைட்டாக மாறும்.

இவ்வுலோகங்களின் வரலாற்றை ஒருங்கே நோக்கும்போது ஓருண்மை தெளிவாகின்றது. மனித மூச்சுக்கென உருவாக்கப்பட்ட உலோகம் இவற்றுள் ஒன்றுமில்லை. உலைக்கும் அடுப்புக்கும் ஆலைக்கும் என உருவானவை, மலிவாகவும் ஆயத்தமாகவும் கிடைத்தமையால் இங்கு இடம்பெயர்க்கப்பட்டன.

4

கம்பி பற்றிய விவாதத்திலே பலர் மறந்துவிடும் பகுதியொன்று உண்டு. சுருளைத் தாங்கும் கிண்ணம், மின்கலத்தோடு தொடுக்கும் முனைகள், காற்றுக் குழாய், கம்பிகளை இணைக்கும் பற்றாசு ஆகிய யாவும் உலோகமே. இவை நேரே சூடாக்கப்படுவனவல்ல. ஆயினும் திரவத்தில் இரவுபகலாக ஊறிக்கிடப்பன. பித்தளை, வெண்கலம், நிக்கல் பூசிய செம்பு ஆகியனவே இங்கு வழக்கமாகக் காணப்படுபவை.

பித்தளைக்கும் புளிப்புக்கும் உள்ள பகையை நம் அடுக்களைகள் நெடுங்காலம் அறிந்திருந்தன. பித்தளைப் பாத்திரத்திலே புளிக்குழம்பை விட்டுவைத்தாற் களிம்பேறும் என்பதனாலேயே அதன் உட்புறத்துக்கு ஈயம் பூசுவிக்கும் வழக்கம் இருந்தது. பூசப்பட்டது வெள்ளீயம். தமிழில் ஈயம் என்ற பொதுச்சொல் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் ஒருங்கே சுட்டுவது. ஒன்று களிம்பினின்று காப்பது, மற்றது நஞ்சு. முன்னடையைக் கைவிட்டுப் பேசுவோமாயின் காப்பும் நஞ்சும் ஒரு சொல்லாகிவிடும். இக்கட்டுரையில் இனி நாம் கூறும் ஈயம் காரீயமே.

அடுக்களையின் அறிவு இங்கு நேரடியாகப் பொருந்துகின்றது. அண்மைக்காலக் கருவிகள் பலவற்றில் நிக்கொற்றின், பென்சோயிக்கமிலம் போன்ற அமிலமொன்றுடன் சேர்த்து உப்பு வடிவில் வழங்கப்படுகின்றது. தொண்டையை உறுத்தாது மிகுதியான நிக்கொற்றினை உட்கொள்ளச் செய்வது இதன் பயன். அமிலத்தன்மை கூடிய திரவம் உலோகத்தை அரிக்கும் வாய்ப்பும் கூடியதே.

பித்தளையில் ஈயம் எவ்வாறு வந்தது? செம்பும் நாகமும் சேர்ந்ததே பித்தளை. ஆனால் கடைசற்பொறியில் விரைவாகக் கடைவதற்கென உற்பத்தியாகும் பித்தளையில் நூற்றுக்கு 3 அளவில் ஈயம் வேண்டுமென்றே சேர்க்கப்படுகின்றது. ஈயமிருப்பின் சீவல்கள் நீண்டு சுருளாமல் சிறுசிறு துண்டுகளாக உடைந்து விழும். வெட்டலகு தேய்வது குறையும். ஒரு மணித்தியாலத்திற் கடையப்படும் துண்டுகளின் தொகை உயரும். ஐரோப்பிய ஒன்றியம் மின், இலத்திரனியற் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தி 2011 இல் வெளியிட்ட பணிப்புரையிலும் செப்புக் கலப்புலோகங்களுக்கு நூற்றுக்கு 4 வரை விதிவிலக்கு அளிக்கப்பட்டமை மனங்கொளத்தக்கது.

இவ்விடத்திலே சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும். அந்த ஈயத்தினால் பாவனையாளருக்கு யாதொரு பயனும் இல்லை. சுவையை அது கூட்டுவதில்லை. மின்கலத்தின் ஆயுளை நீட்டுவதில்லை. அது சேர்க்கப்பட்டது கடைசற்பொறியின் வேகத்தின் பொருட்டே, அதாவது உற்பத்தி நேரத்தைக் குறைத்து மிகைமதிப்பைப் பெருக்குதற்பொருட்டே. பயன்மதிப்புக்கும் பரிவர்த்தனை மதிப்புக்கும் இடையிலான முரண்பாட்டை நாம் வழக்கமாக ஏட்டிலே கற்கிறோம். இங்கே அது ஓர் உலோகத்தின் உட்கலவையாகவே அமைந்து கிடக்கின்றது.

பற்றாசின் கதையும் இதனையொத்ததே. உணவுத் தகரப்பேணிகளின் மூட்டுகள் நெடுங்காலம் ஈயப் பற்றாசினால் மூடப்பட்டன. ஈயத்தின் நச்சுத்தன்மை பன்னெடுங்காலமாக அறியப்பட்டிருந்தும், ஐக்கிய அமெரிக்கா அவ்வகைப் பேணிகளைத் தடைசெய்தது 1995 இல்தான். அறிவு இல்லாமையன்று, அறிவைச் செயலாக்கும் சமூக வலு இல்லாமையே இத்தகைய தாமதங்களுக்குக் காரணம்.

5

இவை வெறும் ஊகங்களா என்ற வினா எழலாம். அல்ல என்பதற்கு மூன்று ஆய்வுகளைச் சுட்டுதல் போதுமானது.

2013 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாக ஆய்வாளர்கள், சிகரெட் வடிவிலமைந்த அக்காலக் கருவியொன்றைப் பிரித்து ஆராய்ந்தனர். ஆவிப்புகையில் வெள்ளீயம், வெள்ளி, இரும்பு, நிக்கல், அலுமினியம் முதலியவற்றின் துகள்கள் காணப்பட்டன. வெள்ளீயம் பற்றாசு மூட்டுகளிலிருந்தும், வெள்ளி, வெள்ளி பூசிய செப்புக் கம்பியிலிருந்தும் வந்தவை. ஆராய்ந்த பதினொரு மூலகங்களுள் ஒன்பதின் அளவு சாதாரண சிகரெட் புகையிலுள்ளதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது.

2018 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பாவனையாளரின் சொந்தக் கருவிகளையே சோதனைக்கெடுத்தனர். ஒவ்வொருவரிடமும் திரவம் மும்முறை அளக்கப்பட்டது: புட்டியில் இருக்கும்போது, தாங்கியில் இருக்கும்போது, ஆவிப்புகையாக வெளிவரும்போது. புட்டித் திரவத்தில் மிகச்சிறிதாயிருந்த ஈயம், நிக்கல், குரோமியம், நாகம் ஆகியன தாங்கியிலும் ஆவிப்புகையிலும் பன்மடங்காகியிருந்தன. ஈயத்தின் இடைய அளவு ஆவிப்புகையில் 25 மடங்குக்கும் மேலாக உயர்ந்திருந்தது. ஆவிப்புகை மாதிரிகளுள் ஏறத்தாழ அரைவாசியில் ஈயத்தின் செறிவு அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் சுகாதார எல்லையை மிஞ்சியது. இவ்வாய்வின் சிறப்பு அதன் முறையிலே தங்கியுள்ளது. குற்றம் திரவத்திலன்று, கருவியிலே என்பதை அது ஐயத்துக்கிடமின்றி நிறுவிற்று.

2025 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், ஒருமுறைப் பாவனைக் கருவிகளை ஆராய்ந்தனர். அவற்றுட் சிலவற்றில் ஈயம் கலந்த வெண்கல உறுப்புகள் இருந்தன. அவற்றினின்று ஈயமும் நிக்கலும் திரவத்துள் ஊறியிறங்கின. சூடேறும் சுருள் நிக்கலை வெளியிட்டது. ஒரு கருவி ஒரு நாட் பாவனையில் வெளியிட்ட ஈயம், ஏறத்தாழ 20 பெட்டிச் சிகரெட்டுகள் வெளியிடுவதிலும் கூடுதலாக இருந்தது. ‘சிகரெட்டிலும் குறைந்த தீமை’ என்ற பொதுக்கூற்று எல்லாக் கருவிகளுக்கும் எல்லா நச்சுகளுக்கும் பொருந்துவதன்று என்பதை இது காட்டுகின்றது.

இவ்வுலோகங்கள் உடலில் விளைப்பன யாவை? ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நிக்கல் சேர்வைகளும் ஆறுவலுவுள்ள குரோமியமும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகுத்துள்ளது. ஆவிப்புகையில் உள்ள குரோமியம் முழுவதும் ஆறுவலுவுள்ளதென்றோ, நிக்கல் முழுவதும் சேர்வை வடிவிலுள்ளதென்றோ கொள்ளுதல் தவறு. எனினும் நிக்கல் பற்றிய அறிவு எங்கிருந்து வந்தது என்பதை நினைவுகூர்தல் பயனுடையது. தென்வேல்சிலே நிக்கல் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளரிடையே நுரையீரற் புற்றுநோயும் மூக்கறைப் புற்றுநோயும் மிகுந்திருந்தமையை 1958 இல் புள்ளிவிவர அடிப்படையில் ஆராய்ந்து வெளியிட்டவர் ரிச்சர்ட் டோல். 1950 இல் பிராட்போர்ட் ஹில்லுடன் இணைந்து சிகரெட்டுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவரும் இவரே. இளமையிற் பிரித்தானியப் பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினராயிருந்த ஒரு மருத்துவர் புகைஞரின் நுரையீரலையும் ஆலைத்தொழிலாளியின் நுரையீரலையும் ஒரே அக்கறையுடன் நோக்கியமை தற்செயலன்று. ஆலையில் தொழிலாளி மூச்சிழுத்த நிக்கலின் அளவோடு வேப் பாவனையாளரின் அளவை ஒப்பிடமுடியாது; முன்னையது மிகப் பெரியது. ஆயின் தொழிலாளரின் நெஞ்சில் எழுதப்பட்ட பாடத்தை அறிந்திருந்தும் அதே உலோகத்தை மூச்சுப்பாதையில் வைப்பவர்கள் அறியாமையைச் சாட்டாகக் கூறமுடியாது.

6

இனித் தேர்வு பற்றிய வினாவுக்கு மீள்வோம். இக்கருவியின் குறுகிய வரலாற்றினுள்ளே தேர்வின் தன்மை பெரிதும் மாறியிருக்கின்றது. 2010களின் முற்பகுதியில் ஆர்வலர் பலர் சுருளைத் தாமே சுற்றிக்கொண்டனர். கம்பியைப் பெயர்சொல்லி வாங்கினர், தடிப்பை அறிந்தனர், தடையை ஓமில் அளந்தனர், திரியைத் தாமே செருகினர். இக்காலத்தைப் பொற்காலமாகப் போற்றவேண்டியதில்லை. பாதுகாப்புச் சுற்று எதுவுமற்ற கருவிகளை அவர்களுட் பலர் விரும்பினர்; மின்கலம் வெடித்து 2018 இல் புளோரிடாவிலும் 2019 இல் ரெக்சாசிலும் ஒவ்வொருவர் மாண்டனர். ஆயினும் தம் மூச்சு எந்த உலோகத்தைத் தொடுகின்றது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அதே காலத்திற் பெருமூலதனம் புகுந்தது. 2012 இல் அமெரிக்கப் புகையிலைக் கம்பனியான லொரிலார்ட், புளூ என்னும் வேப் நிறுவனத்தை 135 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2018 இல் மார்ல்பரோ சிகரெட்டின் உரிமையாளரான அல்ட்ரியா, ஜூல் நிறுவனத்தின் நூற்றுக்கு 35 பங்குக்கு 12.8 பில்லியன் டொலர் செலுத்தியது. ஜூலின் கருவி மூடிய உறை கொண்டது. அதனைத் தொடர்ந்து வந்த ஒருமுறைப் பாவனைக் கருவியிலோ திறப்பதற்கு எதுவுமேயில்லை. திரி, சுருள், பற்றாசு, முனை யாவும் ஒட்டப்பட்ட உறைக்குள். பிரித்தானியாவில் 2023 இல் வாரந்தோறும் ஏறத்தாழ 50 இலட்சம் ஒருமுறைப் பாவனைக் கருவிகள் வீசப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. 2025 யூன் 1 முதல் அவற்றின் விற்பனை அங்கு தடைசெய்யப்பட்டது.

கம்பியின் பெயர் கேட்டு வாங்கியவனுக்குத் தேர்வதற்கு இரண்டு மூன்று சுவைகளே இருந்திருக்கலாம். மூடிய உறையை வாங்குபவனுக்கு முப்பது சுவைகள் உள்ளன. தேர்வுகளின் தொகை பெருகத் தேர்வின் பொருள் சுருங்கிற்று. உயிரைப் பாதிக்கும் தீர்மானங்கள், எக்கலப்புலோகம், எப்பற்றாசு, எவ்வளவு ஈயம் என்பன, ஆலையின் கொள்வனவு மேசைக்கு நகர்ந்துவிட்டன. அங்கே அவற்றைத் தீர்மானிப்பது அலகொன்றின் உற்பத்திச் செலவு.

7

இந்நிலையில் ஒருவர் எதனைக் கருத்திற் கொள்ளலாம்? புகைத்தலை விடுவதற்கென இக்கருவியை நாடுபவர் முதலில் ஒருமுறைப் பாவனைக் கருவியைத் தவிர்த்தல் வேண்டும். சுருளை மாற்றக்கூடியதும், சுருளின் உலோகம் பெயரிட்டுக் குறிக்கப்பட்டதும், தாங்கி கண்ணாடியாலும் உள்ளுறுப்புகள் கறையில் உருக்காலும் ஆனதுமான கருவியே ஒப்பீட்டளவில் ஏற்றது. நிக்கல் ஒவ்வாமை உடையவர், அதாவது மலிவான தோடோ கைக்கடிகாரப் பட்டியோ பட்டால் தோல் தடிப்பவர், நிக்குரோமையும் தூய நிக்கலையும் முற்றாக விலக்கல் நன்று. அவருக்குக் கன்தால் பொருத்தமானது. தடை 1 ஓமுக்கு மேற்பட்ட சுருளைக் குறைந்த உவாற்றிற் பயன்படுத்துதல், புதுச்சுருளின் திரி நன்கு நனையும்வரை பொறுத்தல், கருகிய சுவை தட்டியவுடன் நிறுத்துதல், திரவத்தைத் தாங்கியில் நெடுநாள் ஊறவிடாமை ஆகியன பின்பற்றத்தக்கவை. சுருளைத் திரியின்றிச் செந்நிறமாகும்வரை சூடாக்கித் துப்புரவு செய்யும் வழக்கம் கைவிடத்தக்கது.

இவ்வறிவுரைகள் பயனுள்ளவையே. ஆனால் அவற்றின் எல்லையையும் உணர்தல் வேண்டும். சுருளை அடிக்கடி மாற்றுதல் பாதுகாப்பானது என்பது பொதுநம்பிக்கை. மேற்கூறிய 2018 ஆய்விலோ, சுருளை அடிக்கடி மாற்றியவர்களின் ஆவிப்புகையிலே உலோகச் செறிவு கூடுதலாகக் காணப்பட்டது. புதுச்சுருள் உலோகத்தை எளிதில் உதிர்க்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. 2025 ஆய்வோ, ஒருமுறைப் பாவனைக் கருவிகளில் உறிஞ்சும் எண்ணிக்கை ஏற உலோகமும் ஏறுவதைக் கண்டது. மாற்றினாலும் இடர், மாற்றாவிடினும் இடர் என்ற இக்கட்டிலிருந்து பாவனையாளரின் விழிப்புணர்வு மட்டும் அவரை விடுவிக்காது. பற்றாசில் ஈயமுண்டா என்பதைக் கண்ணாற் பார்த்தோ நாவாற் சுவைத்தோ அறிய எவராலும் இயலாது.

ஆதலின் வினா சட்டத்தின் பக்கம் திரும்புகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 1994 இல் தோலைத் தொடும் அணிகலன்களிலிருந்து வெளிவரும் நிக்கலுக்கு, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு வாரமொன்றுக்கு 0.5 மைக்கிரோகிராம் என எல்லை வகுத்தது. அதே ஒன்றியத்தின் 2014 ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள் பணிப்புரை, தாங்கியின் கொள்ளளவுக்கு 2 மில்லிலீற்றர் எனவும் நிக்கொற்றினுக்கு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் எனவும் எண்களில் எல்லை வகுத்தது. ஆவிப்புகையில் வெளிப்படுவனவற்றை உற்பத்தியாளர் அறிவித்தல் வேண்டும் என்றது. ஆனால் நிக்கலுக்கும் ஈயத்துக்கும் அது எண்ணில் எல்லை வகுக்கவில்லை. காதிலே தொங்கும் நிக்கலுக்கு அளவுண்டு. நெஞ்சினுட் புகும் நிக்கலுக்கு அறிவித்தல் போதும். பிரான்சின் தரநிர்ணய அமைப்பான அஃப்நோர், ஆவிப்புகையின் உலோகங்களுக்கும் எல்லை வகுக்கும் தரங்களை வெளியிட்டமை பாராட்டுக்குரியது. ஆயின் அவை விரும்பியோர் ஏற்கும் தரங்கள்.

இலங்கை 2016 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளாலும் இந்தியா 2019 ஆம் ஆண்டின் சட்டத்தாலும் தடைவழியைத் தெரிந்தன. இளைஞரைப் புதுப்பழக்கத்தினின்று காக்கும் நோக்கம் மறுக்கத்தக்கதன்று. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு இல்லாத பண்டத்தைச் சோதிக்கும் ஆய்வுகூடமும் இராது. தடையை மீறி வந்து சேரும் கருவி எவ்வுலோகத்தால் ஆனதென்று கேட்பதற்கு அதன் பாவனையாளருக்கு இடமேயில்லை. சிகரெட்டோ சட்டபூர்வமாக விற்பனையாகின்றது என்பதையும் இதனுடன் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

மார்க்ஸ் 1867 இல் வெளியிட்ட மூலதனத்தின் முதற்றொகுதியில், வேலைநாள் பற்றிய இயலிலே இலண்டனின் பாணில் நடந்த கலப்படத்தைப் பற்றிப் பேசுகிறார். கலப்படத்துக்கெதிரான 1860 ஆம் ஆண்டுச் சட்டம் செயலற்றுப் போனதையும் அவ்விடத்தே சுட்டுகிறார். அவர் அதனை நுகர்வோரின் கவலையீனம் பற்றிய அதிகாரத்தில் வைக்கவில்லை. பாண் போறணைத் தொழிலாளியின் முடிவற்ற வேலைநேரம் பற்றிய அதிகாரத்தில் வைத்தார் என்பதே கவனிக்கவேண்டியது. பாணிற் கலந்த படிக்காரமும் தொழிலாளியின் உறக்கமற்ற இரவும் ஒரே போட்டியின் இரு விளைவுகள் என்பது அவர் கண்ட உண்மை. கடைசற்பொறியை விரைவுபடுத்தும் ஈயமும் அத்தகையதே. பித்தளையைக் கடைபவரும் பற்றாசுப் புகையின்முன் அமர்பவரும் அவ்வீயத்தை முதலில் எதிர்கொள்பவர்கள். வாங்குபவர் அதன் பின்னரே வருகிறார்.

எனவே இத்துறையில் முற்போக்காளர் முன்வைக்கவேண்டிய கோரிக்கை ‘கவனமாகத் தேருங்கள்’ என்பதன்று. திரவத்தைத் தொடும் எவ்வுறுப்பிலும் ஈயம் இருத்தலாகாது. சுருளின் கலப்புலோகம் பெட்டியின்மேல் பெயரிட்டு எழுதப்படல் வேண்டும். ஆவிப்புகையில் நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியவற்றுக்குக் கட்டாய எல்லை வகுத்துப் பொது ஆய்வுகூடங்களில் அதனைச் சோதித்தல் வேண்டும். அவ்வுறுப்புகளை ஆக்குவோரின் பணியிடக் காற்றுக்கும் அதே கண்டிப்பு வேண்டும். இவற்றுள் எதுவும் தொழினுட்பத்தால் இயலாததன்று. ஈயமற்ற பித்தளை உண்டு. ஈயமற்ற பற்றாசும் உண்டு. அவற்றின் விலை சற்றே கூடியது. அக்கூடிய விலையை இலாபத்தினின்று கொடுப்பதா, மக்களின் நுரையீரலினின்று கொடுப்பதா என்பதே உண்மையான தேர்வு. அத்தேர்வு இதுவரை கடையில் நடைபெறவில்லை. இனியும் அங்கு நடைபெறப்போவதில்லை.